பள்ளிவாசலுக்குக் குவிமாடம் அவசியமா?

வ அலைக்குமுஸ்ஸலாம், தம்பி. ராமநாதபுரம் கடற்கரையிலுள்ள உங்கள் ஊரின் பழைய கல்லுப்பள்ளியை இடித்துவிட்டுக் குவிமாடமும் இரட்டை மினாராவும் வைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று ஜமாஅத்தில் பேச்சு நடப்பதாக எழுதியிருந்தீர்கள். பழைய கட்டடம் கோயில் மண்டபம் போல இருக்கிறது, பள்ளிவாசல் போலவே இல்லை என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கியமான காரணம் என்றும், உலகின் பெரிய பள்ளிவாசல்களின் வரலாற்றுக்கு முன்னால் அந்தக் காரணம் நிற்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிற்காது என்பதே என் பதில். பழைய கட்டடங்களைச் செப்பனிடும் பொறியாளனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில், ஏன் நிற்காது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மதீனாவிலிருந்து தொடங்குவதுதான் முறை. 622-ஆம் ஆண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்து எழுப்பிய பள்ளிவாசல், பச்சைச் செங்கல்லால் சுவர் வைத்து, பேரீச்ச மரத்தின் அடிமரங்களைத் தூண்களாக நட்டு, அதன் ஓலையால் கூரை வேய்ந்த ஓர் எளிய கட்டடம். மழை பெய்தால் கூரை ஒழுகியது, தரை சேறானது. அதில் குவிமாடம் இல்லை, மினாரா இல்லை, இன்று நாம் மிஹ்ராப் என்று சொல்லும் குழிந்த மாடமும் இல்லை. பிலால் (ரலி) அவர்கள் பாங்கு சொன்னது பக்கத்திலிருந்த உயரமான ஒரு வீட்டின் கூரை மீது ஏறி நின்று. குத்பா என்னும் வெள்ளிக்கிழமைப் பேருரைக்கு முதலில் ஒரு பேரீச்ச மரத்தூணில் சாய்ந்து நிற்பதே வழக்கமாக இருந்தது. மூன்று படி கொண்ட மிம்பர் என்னும் மர மேடை பிறகுதான் வந்தது. 624-இல் கிப்லா என்னும் தொழுகைத் திசை ஜெரூசலத்திலிருந்து மக்காவை நோக்கி மாறியபோது, கூரையிட்ட பகுதி வடக்கிலிருந்து தெற்குக்கு மாறியது. வடக்கே மிஞ்சிய பழைய கூரையின் நிழல், வீடற்ற தோழர்கள் தங்கும் திண்ணையாயிற்று. ஆக, எல்லாப் பள்ளிவாசல்களுக்கும் தாயான அந்தக் கட்டடத்தில் விதி என்று இருந்தவை மூன்றே: தூய்மையான தரை, மக்காவை நோக்கிய திசை, தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் வரிசை. இந்த மூன்றையும் எந்தப் பொருளால், எந்தக் கூரையின் கீழ் அமைப்பது என்பது கட்டுபவர்களின் ஊருக்கும் கைத்திறனுக்கும் விடப்பட்டது.

இவற்றுள் வரிசை என்னும் சஃப்பு, கட்டடக்கலையைப் பொறுத்தவரை மிகவும் கவனிக்க வேண்டியது. முதல் சஃப்பில் நிற்பது சிறப்பு என்பதால், பள்ளிவாசலின் கூடம் இயல்பாகவே ஆழத்தைவிட அகலத்தை விரும்புகிறது. கோயிலில் மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று உள்ளே போகப் போக இடம் குறுகி, வெளிச்சம் தணிந்து, எல்லாம் ஒரு புள்ளியை நோக்கிச் செல்லும். பள்ளிவாசலில் அப்படியொரு புள்ளி இல்லை. மிஹ்ராப் என்பது திசையைக் காட்டும் ஒரு வெற்று மாடம். அதற்குள் எதுவும் வைக்கப்படுவதில்லை. கூடத்தின் எந்தத் தூணடியில் நின்றாலும் தொழுகை ஒன்றே. உங்கள் ஊர்ப் பள்ளியின் தூண்கள் கோயில் தூண்கள் போலத் தோன்றலாம். ஆனால் அந்தத் தூண்களுக்கிடையே இடம் விரிந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், அது கோயில் மண்டபம் அல்ல என்பது கண்ணுக்குத் தெரியும்.

இன்று கட்டாயம் என்று நாம் நினைக்கும் உறுப்புகள் எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தவை. டமாஸ்கஸைத் தலைநகராகக் கொண்ட உமையாக் குடும்பத்தின் ஆட்சியில்தான் மினாராக்கள் தோன்றின. கலீஃபா முதலாம் வலீதின் காலத்தில், 707 முதல் 709 வரை மதீனாப் பள்ளி புதுப்பித்துக் கட்டப்பட்டபோது வைக்கப்பட்டதே முதல் குழிந்த மிஹ்ராப் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அவரே 706-இல் தொடங்கிய டமாஸ்கஸ் பெரிய பள்ளி, முதலில் ரோமானியர்களின் ஜூபிட்டர் கோயிலாகவும் பிறகு யோவான் பெயரிலான தேவாலயமாகவும் இருந்த வளாகத்தில் எழுந்தது. அதன் சுவர்களில் மரங்களும் ஆறும் மாளிகைகளுமாகப் பொன்னிறக் கண்ணாடிச் சில்லுகளால் பதித்த காட்சிகள் பைசாந்தியக் கைவேலை மரபைச் சேர்ந்தவை. குவிமாடமோ ரோமானியர்களும் பாரசீக சாசானியர்களும் இஸ்லாத்துக்கு முன்பே நன்கு அறிந்திருந்த கட்டுமானம். ஒரு சிறு திருத்தத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலண்டர்களில் "மஸ்ஜிதுல் அக்ஸா" என்று அச்சிடப்படும் பொன்நிறக் குவிமாடம் அந்தப் பள்ளியினுடையது அல்ல. ஜெரூசலத்தில் அதே வளாகத்தில் 691-92-இல் கட்டி முடிக்கப்பட்ட குப்பத்துஸ் ஸக்ரா என்னும் வேறொரு நினைவுக் கட்டடத்தினுடையது. குவிமாடம் என்றாலே பள்ளிவாசல் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்ற அந்தப் படங்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்ததாக ஸ்பெயினின் கோர்தோபா. உங்கள் ஊர்ப் பிரச்சினைக்கு மிக நெருக்கமான பாடம் இதில் இருப்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். 750-இல் அப்பாசியர்கள் உமையாக் குடும்பத்தை அழித்தபோது தப்பிய இளைஞர் முதலாம் அப்துர் ரஹ்மான், ஆப்பிரிக்கக் கரை வழியாகத் தப்பியோடி, 756-இல் ஸ்பெயினில் ஆட்சியை நிறுவினார். அவர் கோர்தோபாவில் பள்ளிவாசல் எழுப்பத் தொடங்கியது 785-86-இல். கைவசம் இருந்தவை, இடிந்த ரோமானியக் கட்டடங்களிலிருந்தும் முன்பு ஸ்பெயினை ஆண்ட விசிகோத்தியரின் தேவாலயங்களிலிருந்தும் எடுத்த கல்தூண்கள். நிறம் வேறு, தடிமன் வேறு, உயரம் வேறு. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், அவை குட்டையானவை. அவற்றின் மீது நேரடியாகக் கூரை போட்டால் அவ்வளவு பெரிய கூடம் தலைக்கு மேல் அழுத்துவது போல இருக்கும்.

அந்தக் கொத்தர்கள் கண்ட வழி இதுதான். தூணின் தலையில் லாட வடிவ வளைவு ஒன்றைக் கட்டினார்கள். அதே தலையின் மீது கல்லில் ஒரு கட்டைத்தூணை எழுப்பி, அதற்கு மேல் அரைவட்டமாக இரண்டாவது வளைவைக் கட்டினார்கள். கீழ்வளைவு தூண்கள் அசையாமல் பிடித்துக்கொள்ளும். மேல்வளைவு கூரையைத் தாங்கும். இரண்டுக்கும் நடுவே வெற்றிடம் என்பதால் கூடம் உயர்ந்தும் பாரமில்லாமலும் தோன்றும். மெரிதா நகரில் இன்றும் நிற்கும் ரோமானிய நீர்ப்பாலத்தில் அடுக்கு வளைவுகள் இருக்கின்றன. அங்கிருந்துதான் யோசனை பிறந்திருக்க வேண்டும் என்று பலரும் கருதுகிறார்கள். மேல்வளைவு கீழ்வளைவைவிடத் தடிமனாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தூண் வரிசைகளுக்கு இடையிலான ஒவ்வொரு நடைக்கும் தனித்தனி ஓட்டுக்கூரை. இரண்டு கூரைகளுக்கு இடையே விழும் மழைநீரைக் கொண்டு செல்லும் கால்வாய் அந்த வளைவுச் சுவரின் உச்சியில்தான் ஓடுகிறது. வளைவுகளில் ஒரு கல் வெள்ளையாகவும் அடுத்தது சிவப்புச் செங்கல்லாகவும் மாறி மாறி வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தூண்களும் வளைவுகளும் தோப்புபோல விரிந்துகொண்டே போகும். நடுவிடம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. குவிமாடம் எதுவும் இல்லாமலே தொடங்கிய பள்ளி இது என்பதை நினைவில் வையுங்கள்.

நான் சொல்ல வந்த பாடம் இனிதான் வருகிறது. ஊர் பெருகியபோது பள்ளி போதவில்லை. யாரும் இடிக்கவில்லை. இரண்டாம் அப்துர் ரஹ்மான் 9-ஆம் நூற்றாண்டில் கிப்லாச் சுவரை மட்டும் திறந்து, அதே இடைவெளியில், அதே இரட்டை வளைவுகளோடு தெற்கே நீட்டினார். இரண்டாம் ஹகம் 962-இல் தொடங்கி மீண்டும் தெற்கே நீட்டியபோது புதிய மிஹ்ராபின் முன்னே விலா வளைவுகள் ஒன்றையொன்று குறுக்கிடும் சிறு குவிமாடங்களை எழுப்பினார். அதன் பொற்சில்லுப் பதிப்புக்குக் கைவினைஞரையும் பொருளையும் அனுப்பி உதவியவர் கான்ஸ்டான்டிநோபிளின் கிறிஸ்தவப் பேரரசர். 987-இல் முதலமைச்சர் மன்சூர் கிழக்குப் பக்கமாக 8 நடைகளைச் சேர்த்து மொத்தம் 19 ஆக்கினார். பழைய சுவர் அப்படியே இருந்ததால் மிஹ்ராப் இன்று நடுவில் இல்லாமல் ஒருபக்கம் ஒதுங்கி நிற்கிறது. மன்சூரின் பகுதியில் சிவப்புச் செங்கல்லுக்குப் பதிலாகக் கல்லின் மேல் சிவப்பு வண்ணம் மட்டுமே தீட்டியிருக்கிறார்கள். அவசர வேலை என்பது தெரிகிறது, ஆனாலும் வரிசை குலையவில்லை. ஏறத்தாழ 200 ஆண்டுகளில் நான்கு கட்டமாக வளர்ந்த பள்ளியில், முதல் கொத்தன் வகுத்த அளவைக் கடைசிக் கொத்தன் வரை மதித்திருக்கிறார்கள். அதன் கிப்லாகூட மக்காவின் சரியான திசையைவிடத் தெற்கே மிகவும் சாய்ந்தது; அதை அறிந்திருந்தும் முன்னோர் நின்ற திசையிலேயே நீட்டித்தார்கள்.

1236-இல் கோர்தோபா கிறிஸ்தவ அரசர் வசமானது, பள்ளி தேவாலயமாயிற்று. 1523-இல் அதன் நடுவே தூண்களை அகற்றிப் பெரிய பேராலயக் கூடம் ஒன்றைப் புகுத்த முயன்றபோது, அதை எதிர்த்து நின்றவர்கள் அந்த ஊரின் கிறிஸ்தவ நகரமன்றத்தாரே. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அனுமதி தந்ததால் வேலை நடந்தது. பிறகு நேரில் வந்து பார்த்த அவரே, எங்கும் கட்டக்கூடிய ஒன்றுக்காக எங்கும் இல்லாத ஒன்றைக் கெடுத்துவிட்டீர்களே என்று வருந்தியதாக ஒரு கதை வழங்குகிறது. இன்று 856 தூண்கள் எஞ்சியிருக்கின்றன. மாற்று மதத்தார் ஆனாலும் தங்கள் ஊரின் பழைய தூண்களுக்காகப் பரிந்து பேசிய அந்த மன்றத்தாரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

குவிமாடமே வேண்டும் என்பவர்கள் மனத்தில் வைத்திருப்பது துருக்கியின் பள்ளிவாசல்களை. அவற்றையும் பார்த்துவிடலாம், அவை எப்படிப்பட்ட சிந்தனையில் பிறந்தவை என்று தெரிந்தால், கான்கிரீட்டில் வார்த்து மாடியில் உட்கார வைக்கும் குமிழியை அவற்றோடு ஒப்பிட மனம் வராது. 1453-இல் துருக்கியர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தபோது அங்கே ஹாகியா சோபியா இருந்தது. 537-இல் கட்டி முடித்த தேவாலயம். ஏறத்தாழ 31 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம். கட்டி 21 ஆண்டுகளில், 558-இல், அந்தக் குவிமாடம் ஒருமுறை விழுந்து, மீண்டும் எழுப்பப்பட்டது. குவிமாடத்தின் எடை கீழே மட்டும் இறங்குவதில்லை. அடிவிளிம்பை நாற்புறமும் வெளியே தள்ளும். அந்தத் தள்ளுதலை எங்கே கொண்டு போய் அடக்குவது என்பதே ஆயிரம் ஆண்டுகளாகக் கட்டுநர்களுக்கு இருந்த கேள்வி.

அதற்கு மிகத் தெளிவான விடை கண்டவர் சினான். கைசேரிக்கு அருகே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, இளவயதில் அரசுப் பணிக்காகச் சேர்க்கப்பட்டு, படையோடு நாடு நாடாகச் சென்று பாலங்களும் கோட்டை வேலைகளும் செய்து, ஐம்பது வயதை ஒட்டித் தலைமைக் கட்டுநரானவர். மூன்று சுல்தான்களின் கீழ் 1588-இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். சுல்தான் சுலைமானுக்காக 1550 முதல் 1557 வரை அவர் கட்டிய சுலைமானியா பள்ளியில், 53 மீட்டர் உயரத்திலுள்ள குவிமாடத்தை நான்கு பெரிய கால்கள் தாங்குகின்றன. கிப்லாத் திசையிலும் அதன் எதிர்த்திசையிலும் இரண்டு அரைக்குவிமாடங்கள் தள்ளுதலை வாங்கிக்கொள்கின்றன. மற்ற இரு பக்கங்களிலும் முட்டுச்சுவர்கள் வேண்டும். அவற்றைச் சுவருக்கு வெளியே பாதியும் உள்ளே பாதியுமாக வைத்து, இடையில் தாழ்வாரங்களை அமைத்து, பார்ப்பவருக்கு முட்டுச்சுவர் என்றே தெரியாமல் மறைத்துவிட்டார். ஓசை தெளிவாகப் பரவ மண்பானைகளைக் குவிமாடத்தின் உட்புறத்தில் வாய் தெரியப் பதித்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான எண்ணெய் விளக்குகளின் புகையைக் காற்றோட்டத்தால் வாசலின் மேலுள்ள ஓர் அறைக்கு இழுத்து, அங்கே படியும் கரியைத் திரட்டி எழுத்து மை செய்தார்கள் என்று சொல்வார்கள். பள்ளியைச் சுற்றி மதரஸாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்கான சமையற்கூடம், குளியலகம் எல்லாம் ஒரே வளாகமாகக் கட்டப்பட்டன. சினானின் சிறிய அடக்கத்தலம் அந்த வளாகத்தின் ஒரு மூலையில், தெருமுனையில் இருக்கிறது.

ஆனால் அவர் தம் தலைசிறந்த படைப்பாகக் கருதியது எடிர்னே நகரின் செலிமியா பள்ளியை. 1568-இல் தொடங்கியபோது அவருக்கு வயது எண்பதை நெருங்கியிருந்தது. இங்கே நான்கு கால்களுக்குப் பதில் எட்டுக் கால்களை எண்கோணமாகச் சுவர்களை ஒட்டி நிறுத்தி, ஹாகியா சோபியாவுக்கு இணையான அளவில் ஒரே குவிமாடத்தை எழுப்பினார். கால்கள் ஓரம் ஒதுங்கியதால் கூடம் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும். குவிமாடத்தைத் தாங்கும் கால் எதுவும் சஃப்பை நடுவே வெட்டாது. ஏறத்தாழ 70 மீட்டர் உயரமுள்ள நான்கு மினாராக்களில் இரண்டில், கம்பம் போன்ற அந்த ஒல்லியான உடலுக்குள்ளேயே மூன்று தனித்தனிப் படிக்கட்டுகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மூன்று மாடங்களுக்குப் போகின்றன. பாங்கு சொல்ல ஒரே நேரத்தில் ஏறும் மூன்று மோதினார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். கூடத்தின் நடுவே உள்ள மோதினார் மேடையின் பளிங்குக் காலில் ஒரு துலிப் மலர் தலைகீழாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. நிலத்தைத் தர முரண்டு பிடித்த தோட்டக்காரரின் நினைவு அது என்று ஊரார் கதை சொல்வார்கள். இந்தப் பள்ளிகளில் குவிமாடம் அலங்காரமாக வைக்கப்பட்டதே அல்ல. தூணில்லாத கூடம் வேண்டும் என்ற ஒரே தேவைக்காக, கல்லிலும் செங்கல்லிலும் அன்று இருந்த வழி அது. கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தின் மேல் வெறுமனே ஏற்றி வைக்கும் குவிமாடம் எதையும் தாங்கவில்லை. அதன் கீழே தட்டையான தளம்தான் இருக்கிறது.

மினாரா பற்றிக் கேட்பவர்களுக்கு ஈரானின் இஸ்ஃபஹானைக் காட்டுங்கள். ஷா அப்பாஸ் 1603-இல் தொடங்கி 1619-இல் முடிந்த ஷேக் லுத்ஃபுல்லா பள்ளிக்கு மினாராவும் கிடையாது, முற்றமும் கிடையாது. ஒரே ஒரு குவிமாடக்கூடம். மைதானத்தின் ஓரத்தில் வாசல் இருக்கிறது. ஆனால் மைதானம் கிப்லாவோடு பொருந்தாமல் கோணலாக இருப்பதால், உள்ளே நுழைபவர் இருண்ட நடை ஒன்றில் திரும்பித் திரும்பிச் சென்று, தம்மை அறியாமலே மக்காவை நோக்கி நிறுத்தப்படுகிறார். ஓடுகள் பதித்த அந்தக் கூடத்தில் சாளர வெளிச்சம் குவிமாடத்தின் உட்புறத்தில் விழும்போது, உச்சியிலுள்ள உருவமும் ஒளியும் சேர்ந்து தோகை விரித்த மயில்போலத் தெரியும். பாரசீகக் கட்டடக்கலையின் உச்சம் என்று பலர் கொண்டாடும் இந்தப் பள்ளியை, மினாரா இல்லை என்று எவரும் குறை சொன்னதில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டு ஜென்னே நகரத்தின் பெரிய பள்ளி முழுக்க முழுக்க மண்ணால் ஆனது. இப்போதிருக்கும் கட்டடம் 1907-இல், ஊர்க் கொத்தர் சங்கத்தின் தலைவரான இஸ்மாயிலா தராவோரேயின் பொறுப்பில் எழுந்தது. சுவரிலிருந்து பனையின மரக்கட்டைகள் வரிசை வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அழகுக்காக என்று தோன்றும், உண்மையில் அவை நிரந்தரச் சாரம். ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்னால் ஊரே திரண்டு, உமியோடு சேர்த்துப் புளிக்க வைத்த மண்ணைச் சுமந்து வர, கொத்தர்கள் அந்தக் கட்டைகளில் ஏறி நின்று கையாலேயே பூசுகிறார்கள். பூசத் தவறினால் சுவர் கரையும். 2009-இல் கனமழையில் ஒரு கோபுரத்தின் பகுதி சரிந்தது, மீண்டும் எழுப்பினார்கள். சீனாவின் சியான் நகரிலுள்ள பெரிய பள்ளி, 1392-இல் மிங் ஆட்சியில், கிழக்கு மேற்காக அடுத்தடுத்த முற்றங்களோடும் வளைந்த நீல ஓட்டுக்கூரையோடும் சீனர்களின் மர வேலைப்பாட்டிலேயே கட்டப்பட்டது. ஜாவாவின் தெமாக் பள்ளிக்குக் குவிமாடம் கிடையாது, அடுக்குக் கூரைதான். அதைத் தாங்கும் நான்கு பெரிய மரத்தூண்களுள் ஒன்று, மரச்சிம்புகளைச் சேர்த்துக் கட்டி ஒரு வலியுல்லாஹ் (இறைநேசர்) செய்தது என்று அந்த ஊர் மக்கள் போற்றுகிறார்கள். மண் உள்ள ஊரில் மண், மரம் உள்ள ஊரில் மரம். கல் உள்ள ஊரில் கல் என்பதில் மட்டும் நமக்கு என்ன கூச்சம் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது நம் கரைக்கு வருகிறேன். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களின் பழைய பள்ளிகள் அரபு நாடுகளோடு நடந்த கடல் வணிகத்தோடு பிறந்தவை. பாண்டியர் காலத்தில் குதிரைகள் வந்திறங்கிய கரை இது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல் துறையும் இங்கேதான். மரக்காயர்கள் பள்ளி கட்ட நினைத்தபோது, கல்லை அறிந்த தச்சர்கள் இந்த மண்ணிலேயே இருந்தார்கள். "செத்தும் கொடுத்தான்" என்று நாம் சொல்லும் சீதக்காதி வள்ளலோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளிக்குள் ஒரு லுஹர் (நண்பகல் தொழுகை) நேரத்தில் முதன்முதலாக நுழைந்ததை நான் மறக்கவில்லை. வெளியே மணல் காலைச் சுட்டது; உள்ளே கல்தரை குளிர்ந்திருந்தது. தூணின் அடி சதுரம், அதற்கு மேல் பட்டை பிடித்த உடல், தலையில் உத்திரம் தாங்கும் போதிகைக் கல், போதிகையின் நுனியில் தொங்கும் பூமொட்டு. அந்த மொட்டை விரலால் தடவிப் பார்த்தேன். இதழ் இதழாகச் செதுக்கியிருந்தார்கள். கோயிலில் யாளியும் தேவ உருவங்களும் வரும் இடங்களில் இங்கே கொடியும் தாமரையும் கோலம் போன்ற கட்டங்களும் மட்டுமே. தம் கைப்பழக்கத்தை விடாமலும், கட்டச் சொன்னவர்களின் மார்க்கத்தை மீறாமலும் அந்தத் தச்சர்கள் செய்திருக்கும் வேலை அது. எந்த உருவத்தைச் செதுக்கக் கூடாது என்பதை அவர்களுக்கு விளக்கிச் சொன்ன ஆலிம்களும் கூடவே நின்றிருக்க வேண்டும்.

பொறியாளன் கண்ணுக்கு வேறொன்றும் தெரியும். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைக்கும் விசையைத் தாங்காது. அதனால் உத்திரக்கல்லின் நீளம் சில முழங்களுக்கு மேல் போக முடியாது. தூண்கள் நெருங்கி நிற்கும். போதிகை இரு பக்கமும் நீட்டி அந்த உத்திரத்தின் வெற்று நீளத்தை மேலும் குறைக்கிறது. கோர்தோபாவில் வளைவு செய்த வேலையை இங்கே போதிகை செய்கிறது. குட்டைத்தூண் என்ற குறையிலிருந்து அங்கே இரட்டை வளைவு பிறந்தது; கல்லின் பலவீனத்திலிருந்து இங்கே இந்த அழகிய தலைக்கட்டு வளர்ந்தது. திசையைப் பாருங்கள்: கிப்லா நமக்கு நேர் மேற்கு அல்ல, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. பழைய பள்ளிகள் பல தெருவோடு ஒட்டாமல் கொஞ்சம் திரும்பி நிற்பது அதனால்தான்.

குவிமாடமும் உயர்ந்த மினாராவும் நம் ஊர்களில் பரவலானது ஆற்காட்டு நவாபுகளின் காலம் தொடங்கி. சென்னை திருவல்லிக்கேணியில் 1795-இல் எழுந்த வாலாஜா பெரிய பள்ளி முகலாயப் பாணியில் அமைந்தது. மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் கட்டியது என்பது அதன் பெருமை. அதன் கட்டுமான ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கவிதையை எழுதியவர் ராஜா மக்கன்லால் என்ற இந்துப் புலவர். கொழும்பு புறக்கோட்டையில் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் 1908-09-இல் எழுப்பிய சிவப்பும் வெள்ளையுமான சம்மாங்கோட்டுப் பள்ளி இன்னொரு பாணி. அவையும் நம்முடையவையே, அவற்றின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவை வருவதற்கு முன்பே கல்லுப்பள்ளிகளில் நம் பாட்டனார்கள் தலைமுறை தலைமுறையாக ஸஜ்தா செய்திருக்கிறார்கள்.

இந்தக் கரையில் ஓர் ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் இதே பேச்சு எழுந்தபோது என்னிடம் கருத்துக் கேட்டார்கள். நான் அறிக்கை எழுதி அனுப்புவதற்குள் இடித்துவிட்டார்கள். போதிகைகள் இரண்டு, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்தில் உட்காரும் கல்லாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த வேதனையில்தான் இவ்வளவு நீளமாக உங்களுக்கு எழுதுகிறேன்.

கூரை ஒழுகுவதாகவும் ஜும்ஆவுக்கு இடம் போதவில்லை என்பதாகவும் சொல்கிறார்கள் என்றீர்கள். அவை நியாயமான குறைகள், தீர்க்கவும் முடியும். ஒழுகுவது பெரும்பாலும் கல்பலகையால் அல்ல, அதன் மேல் போட்ட பழைய சுண்ணாம்புத் தளம் வெடித்ததால். வெடிப்பின் மேல் மறுபடி மறுபடி சிமெண்டு பூசியிருந்தால் அந்தப் பாரமே உத்திரங்களைக் கெடுக்கும். அதை முழுதும் எடுத்துவிட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய் வெல்லத் தண்ணீர் விட்டு இடித்துப் போட்டு, மேலே தட்டோடு பதித்து, தண்ணீர் ஓடச் சரிவு கொடுத்தால் போதும். கீறல் விட்ட உத்திரம் எது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மட்டும் தாங்கல் கொடுக்கலாம். இடத்துக்கு, கிப்லாச் சுவரைத் தொடாமல், கிழக்கே முன்மண்டபத்தை ஒட்டிப் புதிய கூடம் எழுப்புங்கள். பழைய தூண்களின் இடைவெளியை அளந்து, புதிய தூண்களையும் அதே நேரில் நிறுத்தினால் சஃப்பு முறியாமல் உள்ளிருந்து வெளிவரை நீளும். பெண்களுக்கும் தனி வாசலோடு இடம் ஒதுக்க இதுவே நல்ல தருணம். பாங்கு கேட்க மினாரா வேண்டும் என்றால் அதைப் புதிய பகுதியில் தனியாக எழுப்பட்டும்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். நிர்வாகத்திடம் கேட்டு, முதல் சஃப்பை ஒட்டிய ஒரே ஒரு தூணில், படிப்படியாக ஏறியிருக்கும் எனாமல் பெயிண்டை உளி படாமல், பெயிண்ட் நீக்கும் கரைசலும் நார்த்தூரிகையும் வைத்து, தலைக்கட்டு வரை எடுத்துவிடுங்கள். உள்ளே கல்வெட்டு எழுத்து ஏதேனும் தென்பட்டால் கையை எடுத்துவிட்டுப் படம் மட்டும் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வருபவர்கள் அந்தத் தூணைப் பார்த்த பிறகு கூட்டத்தை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அளவெடுக்க ஆள் வேண்டுமென்றால் நானே வருகிறேன். நோன்புக்கு முன்னால் எந்த நாளும் எனக்கு ஆகும்.